மோசேக்கும் ஒரு வழிகாட்டி வேண்டியிருந்தது



சென்ற மாதம் திருப்பதியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருந்தார்கள். குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்து, இருபது வருடங்களாகத் திருப்பதியில் வாழ்ந்துவரும் குடும்பம். அவர்களுடைய சபையின் வாலிபர்கள் ஒரு விடுமுறை நாளில் தலக்கோனா அருவிக்கும் அதைச் சுற்றியுள்ள மலைப்பாதைக்கும் நடைப்பயணமாகப் போக ஒழுங்கு செய்திருக்கிறார்கள். மகனும் மகளும் பெயர் கொடுத்துவிட்டார்கள். யார் வழி காட்டுவது, எவ்வளவு தண்ணீர் எடுத்துப்போவது, வன இலாகாவில் சொல்லியாயிற்றா என்று தாயார் விசாரித்திருக்கிறார்கள். வாலிபர் தலைவர் சிரித்துக்கொண்டே, "மூன்று நாள் உபவாசித்து ஜெபித்தாயிற்று. 91ஆம் சங்கீதம் நம்மோடு வருகிறது. அது போதும் அம்மா" என்றாராம். போகிற அன்றும் பிற்பகல் வரை உபவாசம் என்று தீர்மானமாம். "பாஸ்டர், நான் பயப்படுவது அவிசுவாசமா?" என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறார்கள்.

அவிசுவாசம் என்று நான் சொல்லமாட்டேன், சகோதரியே. நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளும் சரியான கேள்விகள். அவற்றுக்குப் பதில் கிடைக்கும்வரை பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்பதே என் ஆலோசனை. இதே மனநிலை வேறு பல சபைகளிலும் இருப்பதால், உங்களுக்கு எழுதுகிற பதிலை எல்லாரும் வாசிக்கும்படி இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

91ஆம் சங்கீதம் நம் எல்லாருக்கும் அருமையானது. ஆயினும் வேதாகமத்திலே அந்தச் சங்கீதத்தை எடுத்துக்காட்டி ஒருவரை உயரமான இடத்திலிருந்து குதிக்கச் சொன்னவன் யார் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் பிசாசானவன்தான் தேவாலயத்து உப்பரிகையில் நின்று அதைச் சொன்னான். தூதர்கள் தாங்குவார்கள் என்னும் வாக்குத்தத்தத்தை நம்முடைய ஆண்டவர் மறுக்கவில்லை. அந்த வாக்குத்தத்தத்தைச் சோதித்துப் பார்ப்பதற்காக ஓர் அடி எடுத்துவைக்க அவர் மறுத்தார். உப்பரிகைக்குப் படிக்கட்டு இருந்தது, அதன் வழியாக இறங்குவதே அவருக்குப் போதுமானதாயிருந்தது. தண்ணீர் பாட்டில் எடுத்துப்போக மறந்தவனுக்கும், வேண்டுமென்றே எடுக்காமல் போகிறவனுக்கும் வித்தியாசம் உண்டு. முன்னவன்மேல் தேவன் இரங்குவார். பின்னவன் தேவனைப் பரீட்சை பார்க்கிறான்.

இதைவிடத் தெளிவான ஒரு பகுதி எண்ணாகமம் 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இஸ்ரவேலருக்குப் பகலில் மேகஸ்தம்பம், இரவில் அக்கினிஸ்தம்பம். எங்கே தங்க வேண்டும், எப்போது புறப்பட வேண்டும் என்பதைக் கர்த்தரே காண்பிக்கிறார். அப்படியிருந்தும் மோசே தன் உறவினனாகிய ஓபாப் என்னும் மீதியானியனைத் தங்களோடு வரும்படி வருந்தி அழைக்கிறான். வனாந்தரத்தில் பாளயமிறங்கும் இடங்கள் ஓபாபுக்குத் தெரியும். நீர் எங்களுக்குக் கண்களாக இருக்கவேண்டும் என்கிற கருத்தில் மோசே மன்றாடுகிறான். மேகம் திசையைக் காட்டும். எந்தப் பாறைக்குப் பின்னால் ஊற்று இருக்கிறது, எந்தப் புதரில் விரியன் படுத்திருக்கும் என்பது அந்த மண்ணில் பிறந்தவனுக்குத் தெரியும். மேகஸ்தம்பத்தைக் கண்ணால் கண்டவனுக்கே ஓபாப் வேண்டியிருந்தால், நம்முடைய வாலிபர் தலைவருக்கு வேண்டாமா?

நம்மில் பலருடைய தகப்பன்மார் ஜவ்வாது மலையடியிலும் ஏலகிரியடியிலும் விறகு சுமந்தவர்கள். அவர்களுக்குக் காடு தெரியும். நம்முடைய பிள்ளைகளோ திருப்பதியிலும் சித்தூரிலும் சென்னையிலும் பெங்களூரிலும் வளர்ந்தவர்கள். காட்டைச் செல்போனில் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆகையால் இந்த இடத்தைப்பற்றிச் சில காரியங்களை முதலாவது சொல்லவேண்டும்.

தலக்கோனா ஸ்ரீ வேங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு ஏறக்குறைய 353 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. இதையும் உள்ளடக்கிய சேஷாசலம் மலைத்தொடர் 2010ஆம் ஆண்டு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அருவி சுமார் 270 அடி உயரம், ஆந்திர மாநிலத்திலேயே உயரமானது. முன்பு இவையெல்லாம் சித்தூர் மாவட்டம் என்றே அறியப்பட்டன. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபின் தலக்கோனா திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. ஏதாவது மனுக் கொடுக்கப் போகிறவர்கள் சித்தூருக்குப் போய் அலைய வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லுகிறேன்.

தேசியப் பூங்கா என்றால் நகரசபைப் பூங்காவைப்போல நினைத்த நேரத்தில் உள்ளே நுழையும் இடம் என்று சிலர் எண்ணுகிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தேசியப் பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். தலக்கோனாவில் செக்போஸ்டில் கட்டணம் செலுத்தி அருவிவரை செல்லலாம். அதற்கு அப்பால் காட்டுப்பாதையில் நடக்க வேண்டுமானால் வன இலாகாவின் சம்மதமும், அவர்கள் அனுப்பும் உள்ளூர் ஆளும் வேண்டும். இதற்கு முன்கூட்டியே திருப்பதியிலுள்ள வன இலாகா அலுவலகத்தில் சபையின் பெயரில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். எத்தனை பேர், எந்தத் தேதி, எந்தப் பாதை, பொறுப்பாளர் யார் என்று எழுதிக் கொடுங்கள். அனுமதி மறுத்தால் வாதாட வேண்டாம், வேறு இடம் பார்க்கலாம். உள்ளூர் வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள். அந்த மலைகளில் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் யானாதி மக்களுக்குள்ள காட்டறிவு எந்தக் கல்லூரியிலும் கிடைக்காதது. அவர்கள்தான் நம்முடைய ஓபாப்.

அனுமதியைப்பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. சேஷாசலம் செம்மரம் வளருகிற காடு. உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இவ்வளவாய் வளராத அந்த மரத்திற்காகவே கடத்தல் நடக்கிறது. அதைத் தடுக்க ஆயுதம் தாங்கிய காவல் படை காட்டுக்குள் சுற்றுகிறது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சந்திரகிரி மண்டலத்துக் காட்டில் அந்தப் படையின் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் மாண்டார்கள். மரம் வெட்டும் கூலிக்காகப் போனவர்கள் என்று காவல்துறை சொன்னது. அந்தச் சம்பவத்தின் நியாய அநியாயங்கள் நீதிமன்றம்வரை சென்ற காரியம், அதை நான் இங்கே தீர்க்க முற்படவில்லை. ஆனால் அடையாளச் சீட்டும் அனுமதிச் சீட்டும் இல்லாமல், தெலுங்கு சரியாகப் பேசத் தெரியாத தமிழ் வாலிபர்கள் பத்துப் பேர் விடியற்காலத்தில் அந்தக் காட்டுக்குள் நடந்தால் அவர்களைப் பார்ப்பவர் என்ன நினைப்பார் என்பதைப் பெற்றோர் யோசிக்க வேண்டும். ஆதார் அட்டையின் நகல் ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும். தெலுங்கு நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் முன்னால் நடக்கட்டும். கீழே கிடக்கும் ஒரு மரத்துண்டைக்கூட நினைவுக்கென்று எடுத்து வராதீர்கள்.

இனி மிருகங்களைப்பற்றி. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் பெற்றோரோடு நடந்துசென்ற ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. ஆயிரக்கணக்கானோர் நடக்கிற, விளக்குகள் எரிகிற படிக்கட்டுப் பாதை அது. அதன்பின் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பிற்பகல் 2 மணிக்குமேல் அந்தப் பாதையில் அனுமதிப்பதில்லை என்று தேவஸ்தானம் கட்டுப்பாடு விதித்தது. 2025 பிப்ரவரியில் சிவராத்திரியை முன்னிட்டு அன்னமய்யா மாவட்டத்துக் குண்டாலகோனைக் காட்டுவழியே இருட்டில் நடந்துபோன பக்தர்கள் கூட்டத்தை யானைகள் தாக்கின, சிலர் உயிரிழந்தார்கள். இரண்டு சம்பவங்களிலும் நேரம் முக்கியமானது. சூரியன் நன்றாக எழும்பியபின் காட்டுக்குள் நுழைந்து, பிற்பகல் 3 மணிக்குள் வெளியே வந்துவிடவேண்டும். அருவியைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், 12 மணி அடித்தால் திரும்புவது என்று புறப்படுமுன்னே தீர்மானம் பண்ணிக்கொள்ளுங்கள். மேலே போனபின் தீர்மானம் பண்ணினால், இன்னும் கொஞ்சதூரம்தான் என்று எவராவது ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

சில சபைகளில் மலைமேல் ஏறி இரவு முழுவதும் ஜெபிக்கும் வழக்கம் உண்டு. ஆண்டவர் மலையில் இரவெல்லாம் ஜெபித்தார் என்பது உண்மை. சிறுத்தையும் கரடியும் யானையும் உள்ள தேசியப் பூங்காவில் அந்த வழக்கத்தைக் கொண்டுபோகாதீர்கள். மொட்டை மாடியில் ஜெபியுங்கள், அதிலும் உபாகமம் 22:8 சொல்லுகிறபடி கைப்பிடிச் சுவர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேல்மாடியிலிருந்து ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டுக்காரன்மேல் சுமரும் என்பது அங்கே காணப்படும் பிரமாணம். வாலிபர்களை அழைத்துப்போகிறவர் அந்த வீட்டுக்காரனுடைய ஸ்தானத்தில் இருக்கிறார்.

எந்த மாதத்தில் போவது? மார்ச்சு முதல் ஜூன் வரை வேண்டவே வேண்டாம். திருப்பதியில் மே மாதத்து வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து தீ. 2014 மார்ச்சில் சேஷாசலக் காட்டில் பற்றிய தீயை அணைக்க விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வரவேண்டியதாயிற்று. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்ததை நாம் அறிவோம். சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து மலையேறப் போயிருந்த குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. மாண்டவர்கள் 23 பேர், பெரும்பாலோர் இளம் வயதினர். காய்ந்த புல்லில் தீ காற்றோடு மேல்நோக்கி ஓடும், மனிதனுடைய கால் அதற்கு ஈடுகொடுக்காது. அந்தத் துயரத்திற்குப் பின்பே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு ஒழுங்குமுறைகள் கடுமையாக்கப்பட்டன. 2024 அக்டோபரில் வன இலாகாவே பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு 40 பாதைகளைத் திறந்து, முன்பதிவு செய்து வரலாம் என்று ஏற்பாடு செய்தது. தலக்கோனாவில் அனுமதி கிடைக்காதவர்கள் அந்தப் பாதைகளில் ஒன்றைப் பார்க்கலாம். எந்தக் காட்டிலும் அடுப்பு மூட்டிப் பிரியாணி சமைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

மழைக்காலம் முடிந்த டிசம்பர் பின்பாதியும் ஜனவரியும் நல்ல காலம். அருவியில் தண்ணீரும் இருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். நவம்பரில் போக விரும்புகிறவர்கள் வங்கக்கடலில் புயல் சின்னம் உண்டா என்று முந்தின நாள் மாலையிலும் புறப்படும் காலையிலும் வானிலை அறிக்கையைக் கேளுங்கள். 2021 நவம்பர் மழையில் மலைச்சரிவு சரிந்து ஸ்ரீவாரி மெட்டு நடைபாதை பாழாகி மாதக்கணக்கில் மூடிக்கிடந்தது. மலையுச்சியில் பெய்கிற மழை நமக்குத் தெரியாது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், ஆனால் அருவியில் திடீரென்று தண்ணீர் கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்துவர ஆரம்பிக்கும். அப்படிக் கண்டால் செருப்பை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறி உயரமான இடத்துக்குப் போங்கள். தண்ணீர் அமைதியாக இருக்கும் நாட்களிலும் அருவியின் கீழுள்ள மடுவில் நீச்சல் வேண்டாம். பாறை வழுக்கும், ஆழம் தெரியாது, விழுகிற தண்ணீரின் சுழல் நல்ல நீச்சல்காரனையும் கீழே இழுத்துவிடும். பாறை விளிம்பில் நின்று போட்டோ எடுப்பதும் அப்படியே.

இப்போது உபவாசத்துக்கு வருகிறேன். வாலிபர் தலைவருடைய தீர்மானத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். உபவாசம் நம்முடைய சபைகளின் பலம், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வெறும் வயிற்றோடு வெயிலில் மலை ஏறினால் தலைசுற்றி விழுவார்கள், அதுவும் பாறையின்மேல் விழுவார்கள். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் படுத்துக்கிடந்த எலியாவைத் தேவதூதன் தட்டி எழுப்பினபோது முதலாவது ஜெபிக்கச் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. எலியா சாப்பிட்டுப் படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், முன்னாலிருக்கிற பயணம் வெகுதூரம் என்பதே காரணம். ஓரேப் மலைக்குப் புறப்படுகிறவனுக்குத் தூதனே கட்டுச்சோறும் தண்ணீரும் ஆயத்தம் பண்ணினான் என்றால், உபவாசத்தை முந்தின வாரம் முடித்துக்கொண்டு, நடக்கிற அன்று காலையில் இட்லியோ பொங்கலோ சாப்பிட்டுப் புறப்படுவதில் ஆவிக்குரிய குறைவு ஒன்றுமில்லை.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். கனமாக இருக்கிறதே என்று முணுமுணுப்பார்கள், போகும்போதுதான் கனம். தாகம் எடுக்குமுன்னே சிறிது சிறிதாகக் குடிக்கப் பழக்குங்கள். ஓடைத் தண்ணீர் தெளிவாயிருந்தாலும் அப்படியே குடிக்கவேண்டாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருபேருக்கு ஒன்றாவது இருக்கட்டும். ஒரு முழுப் பாக்கெட்டை ஒரு முழு லிட்டர் தண்ணீரில் கரைக்கவேண்டும். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் குடிக்கிறவர்கள் உண்டு, அது தவறு. 1971ஆம் ஆண்டு வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகாலனபிஸ் இந்த உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்தே திரளான உயிர்களைக் காப்பாற்றினார். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, சேர்த்துக்கொள்ளலாம். சாப்பாட்டுக்குப் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் நல்லது, அன்றைக்குக் கெடாது. தயிர்ச்சாதம் வெயிலில் புளித்துவிடும். வறுகடலை, வெல்லம், பேரீச்சம்பழம் பையில் இருக்கட்டும். குரங்குகள் உண்டு, கையில் பையைத் தொங்கவிட்டு நடக்காதீர்கள். பிளாஸ்டிக் உறைகளை எண்ணிக் கொண்டுபோய் எண்ணித் திரும்பக் கொண்டுவாருங்கள்.

உடையைப்பற்றிச் சொல்லும்போது சில மூப்பர்கள் என்மேல் வருத்தப்படலாம். நம்முடைய சகோதரிகள் வெள்ளைச் சேலையும் ரப்பர் செருப்புமாகத்தான் எங்கும் போகவேண்டும் என்று சில சபைகளில் கண்டிப்பு இருக்கிறது. ஆராதனைக்கு அது அழகு. வழுக்குப் பாறையில் சேலையின் கொசுவம் காலில் தட்டி விழுந்தால் அதில் தேவனுக்கு என்ன மகிமை? தளர்வான சுரிதாரும், முழுக்கை மேலாடையும், பிடிமானமுள்ள ஷூவும் அடக்கமான உடைதான். சபைத்தலைவர்கள் இதைத் தாங்களே அறிவிப்பில் சொல்லிவிட்டால் பெண்பிள்ளைகள் கூச்சமில்லாமல் வருவார்கள். ஷூ புதிதாக வாங்கினால் இரண்டு வாரமாவது போட்டு நடந்து பழகியபின் கொண்டுவாருங்கள். புதுச் ஷூவோடு மலையேறிய பையனை மற்றவர்கள் தூக்கிக்கொண்டு இறங்க நேரிடும். அதிகாலை ஜெபம் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் மூன்று வாரம் அரைமணி நேரம் எல்லாரும் சேர்ந்து வேகமாக நடந்து பாருங்கள். யாருக்கு மூச்சு வாங்குகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். சர்க்கரை வியாதியும் இருதய வியாதியும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் பெயர் கொடுக்கட்டும். தங்கள் மாத்திரை எது, எந்தப் பையில் இருக்கிறது என்பதைப் பக்கத்தில் நடப்பவருக்குச் சொல்லிவைக்கட்டும்.

நடக்கும் ஒழுங்கை யாக்கோபிடத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆதியாகமம் 33ஆம் அதிகாரத்தில் ஏசா சேர்ந்து போவோம் என்று அழைக்கிறான். யாக்கோபோ, பிள்ளைகள் இளம் பிள்ளைகள், மந்தையில் பால்கொடுக்கிறவைகள் உண்டு, ஒருநாள் துரத்தி ஓட்டினாலும் எல்லாம் மாண்டுபோம், ஆகையால் அவர்கள் நடைக்குத் தக்கதாக மெதுவாய் வருகிறேன் என்கிறான். கூட்டத்தில் மிகவும் மெதுவாக நடப்பவர் எவரோ அவருடைய வேகமே எல்லாருடைய வேகமும். முன்னால் வழிகாட்டி, கடைசியில் பொறுப்புள்ள ஒரு சகோதரன், அவருக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக்கூடாது. அமலேக்கியர் இஸ்ரவேலரில் யாரை வெட்டினார்கள் என்று உபாகமம் 25:18இல் வாசித்துப் பாருங்கள். இளைத்து விடாய்த்துப் பின்தங்கி வந்தவர்களைத்தான். பையன்கள் பந்தயம் வைத்து முன்னே ஓடுவதும், இரண்டு பேர் தனியே பிரிந்து குறுக்குவழி தேடுவதும் முதல் பத்து நிமிடத்திலேயே நிறுத்தப்படவேண்டும். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு விசில் தொங்கட்டும். வழி தவறினவர் நின்ற இடத்திலேயே நின்று மூன்று முறை ஊதவேண்டும், அலையக்கூடாது. காட்டுக்குள் எல்லா இடத்திலும் செல்போன் எடுக்காது.

பாடலாமா என்று கேட்பீர்கள். மெதுவாகப் பாடுங்கள். நம்முடைய வழக்கப்படி கைத்தாளமும் டிரம்மும் ஒலிபெருக்கியும் வேண்டாம். பாறை முகட்டில் மலைத்தேனீக் கூடுகள் தொங்கும், அதிர்ச்சியும் புகையும் சென்ட் வாசனையும் அவற்றைக் கிளப்பிவிடும். தேனீ கிளம்பினால் எந்த உற்சாகமும் நிற்காது.

பாம்பைப்பற்றி நம்முடைய வட்டாரத்தில் ஒரு தவறான பேச்சு இருக்கிறது. மாற்கு 16ஆம் அதிகாரத்தைக் காட்டி, விசுவாசிக்குப் பாம்பு தீங்கு செய்யாது என்பார்கள். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் அந்த வசனத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, ஆராதனையில் பாம்பைக் கையில் எடுக்கும் வழக்கத்தைப் பரப்பியவர் ஜார்ஜ் வென்ட் ஹென்ஸ்லி என்னும் போதகர். 1955ஆம் ஆண்டு அவர் பாம்புக்கடியினாலேயே மரித்தார். மெலித்தா தீவில் பவுல் விரியனைத் தேடிப் போகவில்லை, குளிர்காய விறகு பொறுக்கும்போது அது அவன் கையைப் பற்றிக்கொண்டது. கவனியாமல் புதரில் கையை விடாதீர்கள், பாறை இடுக்கில் உட்காராதீர்கள், மரக்கட்டையைத் தாண்டும்போது அதற்கப்பால் பார்த்துக் காலை வையுங்கள். கடித்துவிட்டால் வாயால் உறிஞ்சுவதும், பிளேடால் கீறுவதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் தீங்கானவை. கடிபட்டவரைப் படுக்கவைத்து, கடித்த கையையோ காலையோ அசையாதபடி ஒரு கட்டையோடு தளர்வாகக் கட்டி, கைக்கடிகாரத்தைக் கழற்றி, அவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு சாலைக்கு வாருங்கள். பாம்பைத் தேடி அடிக்கப் போகாதீர்கள். 108ஐ அழையுங்கள். திருப்பதி ரூயா அரசு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது. நாட்டு வைத்தியரிடத்திலும், என்னைப்போன்ற போதகரிடத்திலும் முதலாவது கொண்டுபோகவேண்டாம். ஆம்புலன்சில் உட்கார்ந்துகொண்டு ஜெபியுங்கள், கர்த்தர் அங்கேயும் கேட்கிறார். மதனப்பள்ளியில் பணிபுரிந்த மருத்துவ மிஷனெரி ஜேக்கப் சேம்பர்லின் 1863ஆம் ஆண்டு காடும் மலையுமாகக் கோதாவரிப் பகுதிகளுக்குச் சுமார் 1,200 மைல் பயணம் செய்தபோது, சுவிசேஷப் புத்தகங்களோடு மருந்துகளையும் கொண்டே போனார். அவருடைய விசுவாசம் அதனால் குறைந்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

சாட்சியைக்குறித்தும் ஒரு வார்த்தை. அருவிக்குப் போகும் வழியில் சித்தேஸ்வரர் கோவில் இருக்கிறது. நாம் போகிற அந்த மலைத்தொடர் நம்முடைய அயலகத்தாருக்குப் புனிதமானது. துண்டுப்பிரதிகளை வீட்டிலே வைத்துவிட்டு வாருங்கள். திருமலையில் பிற மதப் பிரசாரத்தை 2007ஆம் ஆண்டிலேயே அரசு அவசரச் சட்டத்தால் தடைசெய்தது என்பதையும் வாலிபர்கள் அறிந்திருக்கட்டும். கோவிலுக்கு வந்த ஒரு பாட்டிக்குக் கைகொடுத்துப் பாறையைக் கடக்க உதவுங்கள், அவர்கள் தாகமாயிருந்தால் நம்முடைய மூன்று லிட்டரில் கொஞ்சம் கொடுங்கள்.

வாகனத்தைப்பற்றி வாலிபர்கள் யோசிப்பதே இல்லை. திருப்பதியிலிருந்து பாக்கராப்பேட்டை மலைச்சாலை வழியாகத்தான் தலக்கோனாவுக்குப் போகிறோம். 2022 மார்ச்சில் நிச்சயதார்த்தத்துக்காக வந்துகொண்டிருந்த ஒரு பேருந்து இரவில் அந்தச் சாலையில் பள்ளத்தில் கவிழ்ந்து பலர் மாண்டார்கள். ஆகவே வெளிச்சத்தில் போய் வெளிச்சத்தில் திரும்புங்கள். பத்துப் பேருக்குரிய வேனில் பதினாறு பேரை ஏற்றாதீர்கள். மோட்டார் சைக்கிளில் மூன்று பேராகப் போவதற்குப் பெற்றோர் சம்மதிக்கவே கூடாது.

சகோதரியே, இந்தப் பக்கத்தை வாலிபர் தலைவரிடத்தில் கொடுங்கள். கோபத்தோடு கொடுக்கவேண்டாம், அவர் நல்ல வாலிபன் என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. போகிறவர்களுடைய பெயர், வயது, இரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒரு நகலைச் சபைப் போதகரிடத்திலும், ஒரு நகலைச் செக்போஸ்டிலும் கொடுக்கச் சொல்லுங்கள். காட்டிலிருந்து வெளியே வந்து செல்போன் எடுக்கும் முதல் இடத்தில் நின்று தலைகளை எண்ணி, போதகருக்குத் தகவல் சொல்லவேண்டும். மாலை 5 மணிவரை தகவல் வராவிட்டால் போதகர் காத்திராமல் வன இலாகாவுக்கும் காவல் நிலையத்துக்கும் போன் செய்யவேண்டும் என்பதையும், அந்த எண்களோடு, அதே தாளின் அடியில் எழுதிவிடச் சொல்லுங்கள்.